இம்முறை நாங்களே தரப்படுத்துகிறோம்

பன்னிரண்டு வருடங்கள் நான் வடமேற்கு இலண்டனில் இலெவன் பிளஸ் ரியூசன் கொடுத்தேன். முதலில் எங்கள் வீட்டு முன்னறையில் நாலு பிள்ளைகள். பிறகு ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சனியும் ஞாயிறும் சேர்த்து முப்பது பிள்ளைகள். ஆளுக்கு, வகுப்பொன்றுக்கு 15 பவுண். நீங்கள் மனதுக்குள் பெருக்கிப் பார்க்க வேண்டாம், நான் மாதாமாதம் பெருக்கிப் பார்த்தவள். ஆகவே வெளியில் நின்று கல்லெறிகிறேன் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. கல் விழுகிற வீட்டுக்குள்தான் நானும் இருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை எங்கள் போட்டோக்கொப்பி இயந்திரம் பழுதாகிவிட்டது. பயிற்சித்தாள் இல்லை. பக்கத்து நூலகத்திலிருந்து கொஞ்சம் கதைப்புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து, இன்றைக்கு எல்லோரும் வாசியுங்கள் என்று கொடுத்தேன். ஆங்கில வாசிப்பு விளக்கத்தில் என் வகுப்பிலேயே கெட்டிக்காரனான ஒன்பது வயதுப் பையன் இரண்டு பக்கம் வாசித்தான். பிறகு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். திரும்பவும் முதலுக்கு வந்தான். எழும்பி என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டான்: "மிஸ், இதுக்குக் கேள்விகள் எங்கே?"

கேள்வி இல்லை, சும்மா வாசி என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. என்னைக் கிண்டல் செய்கிறாரோ என்பது போலப் பார்த்தான்.

அவனை அப்படிப் பழக்கியது நான். "முதலில் கேள்வியை வாசி, பிறகு பந்தியில் விடையைத் தேடு, முழுவதையும் வாசித்து நேரத்தை வீணாக்காதே." இரண்டு வருடமாக, கிழமைக்கு இரண்டு முறை அவனுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவனுடைய தாய் தகப்பன் அதற்குப் பணமும் கொடுத்து, நன்றியும் சொல்லி, நல்லூர்த் திருவிழாப் பிரசாதமும் கொண்டுவந்து தந்திருந்தார்கள்.

இங்கிலாந்தில் வாழாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கே இரண்டாம்நிலைக் கல்வி எல்லோருக்கும் இலவசமாயிற்று. கூடவே, பதினொரு வயதில் பிள்ளைகளைச் சலித்துப் பிரித்து, கொஞ்சப் பேரைக் கிராமர் பாடசாலைக்கும் மற்றவர்களை வேறு பாடசாலைக்கும் அனுப்பும் முறையும் நாடெங்கும் பரவியது. பிறவி அறிவை ஒரு தாளில் அளந்துவிடலாம் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கைக்குப் பெரிய பெயர் தேடிக் கொடுத்த சிரில் பேர்ட் என்ற உளவியலாளர் 1971இல் இறந்தார். சில வருடங்களுக்குள் அவருடைய இரட்டையர் ஆய்வின் எண்கள் நம்பக் கூடியவைதானா என்று உலகமே கேட்டது. அதற்கு முன்னரே, 1965இல், தொழிற்கட்சி அரசாங்கம் இந்தப் பிரிப்பைக் கைவிடும்படி உள்ளூராட்சிகளைக் கேட்டிருந்தது. பெரும்பாலான இடங்கள் கைவிட்டன. 1998இல் புதிதாகக் கிராமர் பாடசாலை தொடங்குவதைச் சட்டம் தடுத்தது. இன்று இங்கிலாந்தில் மிஞ்சியிருப்பவை 163. இந்த நாட்டின் மிகப் பெரும்பான்மையான பிள்ளைகள் இலெவன் பிளஸ் என்றால் என்னவென்று தெரியாமலே வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகிறார்கள். இதை எங்கள் ஆட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஹரோவில் ஒரு கிராமர் பாடசாலைகூட இல்லை. ஆனால் ஹரோவில் ஏழு வயதுத் தமிழ்ப் பிள்ளையின் தாயைக் கேளுங்கள், பார்னற்றுக்கும் சிலோவுக்கும் எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுவார்.

அந்தத் தாயைப் பகிடி பண்ண எனக்கு உரிமையில்லை. அவருடைய பயம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.

தரப்படுத்தல் என்ற சொல்லை எங்களில் ஒரு தலைமுறையால் சாதாரணமாக உச்சரிக்க முடியாது. 1970களின் தொடக்கத்தில் மருத்துவ பீடத்துக்குப் போகத் தமிழ் மாணவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது, சிங்கள மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. அந்த இருபத்தொரு புள்ளிக்குள் எத்தனை வீடுகள் இடிந்தன, எத்தனை பேர் கொப்பியை மூடிவிட்டு வேறு வழி போனார்கள் என்பதைத் தனியாக எழுத வேண்டும். என்னுடைய மாமா ஒருவர் கடைசிவரை தன் புள்ளியைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாதி வயதைக் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். காணியும் வீடும் போகும், படிப்பு மட்டும் போகாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் அந்தத் தலைமுறையினர்தான். சொன்னதில் பிழையில்லை.

ஆனால் பாருங்கள், இங்கே இலெவன் பிளஸ் முடிவுக் கடிதத்தில் வருவதும் தரப்படுத்திய புள்ளிதான். அதே சொல். அதன் வேலையை எங்கள் பெற்றோரில் பத்துக்கு ஒருவருக்குக்கூட விளங்கவைக்க என்னால் முடியவில்லை. ஆகவே இங்கே முயல்கிறேன்.

பிள்ளை எடுத்த சரியான விடைகளின் எண்ணிக்கை நேராகக் கடிதத்தில் வருவதில்லை. முதலில் வயதைப் பார்க்கிறார்கள். ஒரே வகுப்பில் செப்ரெம்பரில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஓகஸ்ற்றில் பிறந்த பிள்ளையும் இருப்பார்கள், பதினொரு மாத வித்தியாசம். பத்து வயதில் அது பெரிய வித்தியாசம், ஆகவே இளையவருக்குக் கொஞ்சம் சமப்படுத்துகிறார்கள். இதில் அநியாயம் ஒன்றுமில்லை. அடுத்தது, சராசரிப் பிள்ளைக்கு 100 என்று வைத்து, மற்ற எல்லோரையும் அதற்கு மேலும் கீழுமாக அடுக்குகிறார்கள். வழக்கமாக 69இல் தொடங்கி 141இல் முடியும். ஒரு தகப்பன் என்னிடம் வந்து, "ரீச்சர், 141க்கு 118 தானே எடுத்திருக்கிறாள், இருபத்திமூண்டு எங்க போனது?" என்று கேட்டார். 118 என்றால் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ எண்பத்தெட்டுப் பேருக்கு முன்னால் நிற்கிறாள் என்று அர்த்தம். சொன்னேன். "அப்ப மிச்சம் பன்னிரண்டு பேர் ஆர்?" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சராசரி எப்போதும் 100தான். எல்லாப் பிள்ளைகளும் ரியூசனுக்குப் போய், எல்லோரும் பத்துக் கணக்கு கூடுதலாகச் சரிசெய்தால், ஒருவரது புள்ளியும் அசையாது. தேர் பார்க்க முன்வரிசையில் நிற்பவர் நுனிக்காலில் எம்பினால் பின்னால் நிற்பவரும் எம்ப வேண்டும், அவருக்குப் பின்னால் நிற்பவரும் எம்ப வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் கால் நோகும், தேர் முதலில் தெரிந்த அளவுக்குத்தான் தெரியும். ஆண்டு ஐந்தில் தொடங்கிய ரியூசன் ஆண்டு நாலுக்கு வந்தது. நான் நிறுத்திய வருடம் ஆண்டு இரண்டுப் பிள்ளைகளுக்குக் காத்திருப்புப் பட்டியல் வைத்திருந்தேன். பயிற்சியால் அசைக்க முடியாத தாள் என்ற பேச்சோடு டர்ஹாம் பல்கலைக்கழகப் பக்கமிருந்து ஒரு சோதனை வந்தது. அதற்கான பயிற்சிப் புத்தகங்களும் பின்னாலேயே கடைக்கு வந்தன. நானும் வாங்கினேன்.

எம்ப வசதியில்லாதவர் என்ன செய்வார்? அவர் ஆர் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் என் மண்டப வாசலுக்கு வந்தார். வன்னியிலிருந்து 2009க்குப் பிறகு வந்த பெண். காலையில் ஒரு அலுவலகத்திலும் இரவில் இன்னொன்றிலும் துப்புரவு வேலை. மகளை வகுப்பு ஆசிரியை கெட்டிக்காரி என்று சொன்னாவாம், பாதிக் காசுக்குச் சேர்க்க ஏலுமோ என்று கேட்டார். மண்டப வாடகை கூடிவிட்டது அக்கா, அடுத்த தவணை பாப்பம் என்று சொன்னேன். "பரவாயில்லை தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தவணை அவர் வரவில்லை, நானும் தேடவில்லை. அந்தப் பிள்ளை அந்தச் சோதனையை எழுதியிருந்தால், என் முப்பது பிள்ளைகள் உயர்த்திவிட்ட சராசரிக்கு எதிராகத்தான் எழுதியிருப்பாள். இலங்கையில் எங்கள் பிள்ளைக்கு முன்னால் கூடுதல் புள்ளியை வைத்தது அரசாங்கம். இங்கே அந்த வேலையை, வகுப்பொன்றுக்கு 15 பவுண் வாங்கிக்கொண்டு நான் செய்தேன்.

கிராமர் பாடசாலைகளில் இலவச மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகள் மற்றப் பாடசாலைகளைவிட மிகக் குறைவு என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாங்கள் ஆர்? கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்திராவிட்டால் என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றிருப்பார். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும் அந்த மரத்தின் கிளைதான். கிராமத்து ஏழைப் பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போக ஒரு படி. இன்று அங்கே வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள், மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வெட்டுப்புள்ளி, விடிய ஐந்து மணிக்கு ரியூசன், முதலிடம் எடுத்த பிள்ளைக்கு மாலையும் பனரும். ஏழைக்கு வைத்த படி, வசதியுள்ளவரின் பந்தயமாகிவிட்டது. அதைப் பார்த்து இங்கிருந்து நாங்கள் உச்சுக் கொட்டுகிறோம், "பாவம் பிள்ளையள், அங்க சரியான கொடுமை" என்று. சொல்லிவிட்டு, நொன்-வேர்பல் புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்தைச் செய்து முடித்தாயா என்று பக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கேட்கிறோம்.

இலெவன் பிளஸ் மட்டுமென்றால் பரவாயில்லை. ஆறு வயதில் ஒலிப்புச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. நாற்பது சொற்கள், அதில் பாதி அர்த்தமில்லாத பொய்ச்சொற்கள். பிள்ளை எழுத்தைக் கூட்டி ஒலிக்கத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்க வைத்தது, பொய்ச்சொல்லென்று காட்ட விசித்திரப் பிராணி ஒன்றின் படமும் இருக்கும். ஒரு அம்மா பொய்ச்சொற்களைப் பட்டியலிட்டுப் பாடமாக்கிக் கொடுத்ததைக் கண்ணால் கண்டேன். ஆண்டு நாலில் பெருக்கல் வாய்ப்பாட்டுச் சோதனை, 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு செக்கன். இதற்கு ரியூசன் என்ன கண்டறியாத ரியூசன்? ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்திநாலு என்று சமைக்கிறபோது நீங்கள் ராகம் போட்டுச் சொன்னால் பிள்ளை பின்னால் சொல்லிக்கொண்டு திரியும். ஆண்டு ஆறில் சாற்ஸ். அது முக்கியமாகப் பாடசாலையை அளக்கிற சோதனை. பிள்ளையின் எந்தக் கதவையும் அது மூடுவதில்லை. அதற்கும் ஈஸ்ரர் விடுமுறை முழுக்க வகுப்பு வைக்கச் சொல்லி என்னைக் கேட்டார்கள். வைத்தேன்.

உங்கள் மறுமொழி எனக்குக் கேட்கிறது. "ரீச்சர், உங்கட மூத்தவள் கிராமருக்குப் போட்டாதானே. இப்ப ஏணியை எடுத்துப்போட்டுக் கதைக்கிறியள்." சரி, மறைக்கவில்லை. மூத்தவள் போனாள். இளையவன் போகவில்லை. இரண்டு பேருக்கும் படிப்பித்தது நான்தான், அதே மேசை, அதே இருபத்தொரு வகை வேர்பல் ரீசனிங் கணக்குகள். இளையவனின் முடிவு ஒக்ரோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் வந்தது. நான் தொலைபேசியைப் பார்த்த முகத்தை அவன் பார்த்துவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. மேலே போய்த் தன் அறையில் இருந்த பயிற்சிப் புத்தகங்களையெல்லாம் அடுக்கி, ஒரு பையில் போட்டு, கீழே கொண்டுவந்து என் வகுப்புச் சாமான்களோடு வைத்தான். "வேற ஆருக்கும் குடுங்கோ அம்மா" என்றான். பத்து வயது. அடுத்த நாள் சனிக்கிழமை. அந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் வகுப்பு எடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவன் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையிலுள்ள பாடசாலைக்குப் போனான். அதை நாங்கள் அதுவரை உள்ளே போய்ப் பார்க்கவேயில்லை. மூன்று வருடமாக வீட்டில் அதன் பெயரைச் சொன்னதெல்லாம் வெருட்டத்தான்: "படிக்காட்டி உங்கதான் போவாய்." முதல் நாள் சீருடை போட்டுக்கொண்டு அவன் வாசலில் நின்றபோது, தண்டனை அனுபவிக்கப் போகிறவனைப் போல நின்றான். பாடசாலை நல்ல பாடசாலை. அங்கே அவனுக்கு வாய்த்த கணித ஆசிரியரைப் போல ஒருவரை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. ஆனால் அந்த வாசலைக் கடக்க அவனுக்கு ஒரு வருடம் எடுத்தது. அந்த ஒரு வருடம் சோதனை கொடுத்ததல்ல, நான் கொடுத்தது.

இன்னொன்று. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் படிப்பிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாலர் வகுப்பில் இருபத்தைந்து பிள்ளை, மூன்றாம் வகுப்பில் இருபது, நாலாம் வகுப்பில் எட்டு. ஆண்டு நாலு, ஐந்து வந்ததும் ஒவ்வொருவராய் நிற்பார்கள். "ஒரு வருசம்தான் ரீச்சர், சோதனை முடிஞ்சு வாறம்." வருவதில்லை. பத்து வயதில் விட்ட எழுத்துக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையும் திரும்புவதில்லை. பிறகு ஊரிலிருந்து அம்மம்மா அழைத்தால் பிள்ளை "ஹலோ, சாப்பிட்டாச்சா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைத் தாயிடம் கொடுக்கும். இவ்வளவும் எதற்காக? மெலன்கொலி என்றால் கவலை, இந்த நாலு சொல்லில் பொருந்தாதது எது என்று ஐம்பது செக்கனில் குறிப்பதற்காக. மெலன்கொலி என்று என் வகுப்பில் முந்நூறு தடவை எழுதிய பிள்ளைகள் ஒருவரும் அந்தச் சொல்லை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்குக் கவலை வராமல் இல்லை.

பிள்ளைக்கு உதவவே கூடாதா என்று கேட்கிறீர்கள். உதவுங்கள். முன்பின் பார்க்காத தாளை முதன்முதலில் சோதனை மண்டபத்தில் பார்க்கிற பிள்ளை பயந்துபோகும், அது உண்மை. விடைத்தாளில் பெட்டியை எப்படி நிரப்புவது, நேரத்தை எப்படிப் பார்ப்பது, தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவது, இவ்வளவையும் பழக ஒரு கோடை விடுமுறையில் சில பழைய தாள்கள் போதும். அதற்கு மேல் நான் கொடுத்த இரண்டு வருடமும் பெரும்பாலும் பெற்றோரின் நித்திரைக்காகக் கொடுத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள், தமிழிலென்றாலும் ஆங்கிலத்திலென்றாலும். எந்த மொழியிலாவது கதையின் நடுவில் நிறுத்தி "பிறகு என்ன நடக்கும்?" என்று கேட்கப் பழகிய வீட்டில் வாசிப்பு விளக்கத்துக்குத் தனிப் புத்தகம் தேவையில்லை. விதிப்படி இலவசமாய் எழுதக்கூடிய சோதனையென்றால், வசதியில்லாத அயல் வீட்டுப் பிள்ளைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லிக் கொடுங்கள், உங்கள் பழைய தாள்களைப் பிரதியெடுத்துக் கொடுங்கள். போட்டிக்கு ஒரு ஆள் கூடும் என்று நெஞ்சு ஒருமுறை இழுக்கும். எனக்கும் இழுத்தது.

சோதனைக்கு முன்னமே பக்கத்துப் பாடசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டுங்கள். அங்கே விஞ்ஞான கூடம் இருக்கும், கிரிக்கெற் வலை இருக்கும். நீங்கள் அதை உண்மையான ஆர்வத்தோடு பார்க்கிறீர்களா என்பதைப் பிள்ளை உங்கள் முகத்தில் பார்க்கும். பிறந்தநாள் விழாக்களில் யார் எத்தனை எடுத்தது என்று கேட்கிற அக்காமாரிடம் சொல்லமாட்டேன் என்று சொல்லுங்கள். கோபிப்பார்கள், பிறகு சாப்பிடப் போய்விடுவார்கள்.

நான் இப்போது சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறேன், அதே மண்டபம், வாடகையைக் கோயில் கொடுக்கிறது. போன செப்ரெம்பரில் ஒருவர் அழைத்தார், பழைய இலக்கம் யாரிடமோ இருந்திருக்கிறது.

"ரீச்சர், மகன் ஆண்டு இரண்டு. இப்ப தொடங்கினாக் காணுமோ, இல்லாட்டிப் பிந்திட்டுதோ?"

நான் அதை விட்டுவிட்டேன் தம்பி, இப்போது தமிழ் வகுப்புத்தான், சனிக்கிழமை பத்து மணிக்கு, காசில்லை, கூட்டிக்கொண்டு வாங்கோ என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். மரியாதையான ஆள்.

"சனிக்கிழமை பத்துக்கு அவனுக்கு மற்ஸ் இருக்கு, ரீச்சர்" என்றார்.